துக்க வீட்டுக் கிளாரினெட்

என் மாமனார் இறந்த அன்று சாயங்காலமே வீட்டு ரேடியோவின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டார்கள். இனி ஒரு வருஷத்துக்கு அந்தத் துணியை எடுக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது, கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது. முக்கியமாக, வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. காரைக்காலில் எங்கள் தெருவில் இருந்த கத்தோலிக்க வீடுகளில் துக்கம் காப்பது என்றால் இதுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலாவது எங்கேயாவது ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கலாம்.

அது எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வரிச்சிக்குடியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், நடுவில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோகிற ஒரு பகல். வீட்டில் மாமனார், மாமியார், என் கணவர், நான். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எதற்கும் அதிகம் பேசமாட்டார். நல்லது என்று பிரெஞ்சில் சொல்ல ‘பியேன்’ என்பார்களே, அந்த ஒரு வார்த்தையை வைத்தே குடும்பம் நடத்தியவர். குழம்பு உப்புக் கரித்தாலும் பியேன், மழையில் கூரை ஒழுகினாலும் பியேன். நான் மருமகளாக வந்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

என் கணவர் சின்ன வயதில் கோயில் பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். தேர் பவனி, அடக்கம், புதுநன்மை எல்லாவற்றுக்கும் ஊதியிருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த வீட்டுப் பையன்கள் எல்லாரையும்போல இருபது வயதில் கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் பிரான்சுக்குப் போனார். அங்கே துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தவர்கள், இவரிடம் அது பாதுகாப்பாக இல்லை என்று பட்டாள பேண்டில் சேர்த்துவிட்டதாக அவரே சொல்லுவார். சேவை முடிந்ததும் ஊர் திரும்பாமல் அங்கேயே ஒரு இசைப் பள்ளியில் சில வருஷம் படித்தார். அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது என்று தெரிந்து திரும்பி வந்தார். இங்கே பிரெஞ்சு வாத்தியார் வேலை கிடைத்தது. நான் கிடைத்தேன்.

அவர் கொண்டு வந்த பெட்டியில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரும், ஒரு டேப்பும், சில தாள்களும் இருந்தன. அவருடன் பேண்டில் இருந்த பிரெஞ்சு நண்பர் ஒருவர் இவருக்காகவே எழுதிய இசை உருப்படி அது. கிளாரினெட் ஒன்று, செல்லோ ஒன்று, கூடவே டேப். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியண்ணன். உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிப்பது. டேப்பில் பாட்டு எதுவும் கிடையாது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் வரும். இரும்புக் கதவு ஒன்று மெதுவாகத் திறக்கும். தூரத்து ரயிலடியில் ஜனங்கள் பேசுவதுபோல ஒரு இரைச்சல் வரும். கிளாரினெட்டையே பதிவு செய்து, அதை மெதுவாக ஓடவிட்டு, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஆக்கிய ஒரு கனத்த ஓசை வரும். கடைசிப் பக்கத்தில் ஒரு மனிதன் நீளமாக மூச்சு விடுவான். மூச்சு நின்றுபோகும். ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து கிளாரினெட் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல் ஆரம்பிக்கும்.

டேப்பை ஓட்டுகிற வேலை என்னுடையது. சில இடங்களில் டேப்பில் வெள்ளை நாடா ஒட்டியிருக்கும். அங்கே நான் நிறுத்த வேண்டும். அவர் வாசித்து முடித்துத் தலையை அசைத்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும், டேப் சோம்பேறித்தனமாக ஓடும், சுருதியும் கூடவே இறங்கும். அவர் கிளாரினெட்டின் வாய்ப்பக்கத்துத் துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இறங்கின சுருதிக்கே சேர்த்துக்கொள்வார். மின்சார ஆபீசுக்குத் தக்கபடி சுருதி வைக்கிற ஒரே வித்துவான் நீங்கதான் என்று நான் கேலி செய்வேன்.

உண்மையில் கேலி செய்யாதவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாரையும் உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டினார். மாமியாரின் அண்ணன், அதாவது என் கணவரின் தாய்மாமன், அரிசி மண்டி வைத்திருந்தவர். அவர் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, “சரி, சுருதி பாத்தாச்சுல்ல, இனிமே வாசி மருமவனே” என்றார். பக்கத்து வீட்டம்மா மறுநாள் வந்து, குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். மாமியார் வெளிப்படையாகவே சொன்னார்: “இத்தனை வருஷம் அந்த ஊர்ல இருந்து படிச்சது இதுதானாப்பா?” மாமனார் மட்டும் முதுகை வளைக்காமல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முடிந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, பியேன் என்றார்.

என் கணவர் இதற்கெல்லாம் சிரிப்பார். ஆனால் அன்று எல்லாரும் போன பிறகு கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துணியால் துடைத்தபோது, துடைத்த துண்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கைதட்டல் வேண்டியதில்லை. இது இசைதான் என்று இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். பெண்டாட்டி சொன்னால் கணக்கில் வராது என்றார்.

அந்த உருப்படியைச் சேர்ந்து வாசிக்க அவருக்கு இங்கே ஆள் இல்லை. பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்திருந்த ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா செல்லோ வாசிப்பார் என்று தெரிந்தது. அவரைத் தேடிப்போய், தாள்களைக் காட்டி, சம்மதிக்கவைத்தார். மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஒத்திகை பார்த்துவிட்டு வருவார். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் கூடுகிற ஒரு சின்ன மண்டபத்தில், வருகிற ஈஸ்டர் முடிந்த வாரம் கச்சேரி என்று முடிவாயிற்று. அந்தப் பள்ளி வருஷம் முடிந்ததும் டீச்சரம்மா ஊருக்கே திரும்பிப் போகிறார். அதன் பிறகு செல்லோவுக்கு யாரும் இல்லை. நடந்தால் இந்த ஈஸ்டருக்கு, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த கையோடு மாமனார் போய்விட்டார். கடைசி இரண்டு நாள் மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மாமியார்தான். அடக்கத்தன்று அவர் அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. கல்லு மாதிரி நிற்கிறாளே என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் வேலையைப் பார்ப்பார். வேலை இல்லாவிட்டால் வேலையை உண்டாக்கிக்கொண்டு பார்ப்பார். சுத்தமான பாத்திரத்தை எடுத்துப் போட்டு விளக்குவார்.

கிளாரினெட் பெட்டி அலமாரி மேலே ஏறிவிட்டது. என் கணவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன்.

“கச்சேரிக்கு என்ன செய்யப் போறீங்க?”

“அப்பா செத்து ரெண்டு மாசம்கூட ஆவல. என்ன கச்சேரி?”

“பழக்கமாவது விட்டுப்போகாம இருக்க வேணாமா? கருக்களாச்சேரி கடற்கரைக்குப் போய் வாசிச்சிட்டு வாங்க. அங்க யாருக்குக் கேக்கப் போவுது?”

“மறுநாள் காலைல மீன் கொண்டாந்து போடுற அம்மா அதையும் சேத்துக் கொண்டாந்து போட்டுட்டுப் போவும்” என்றார்.

அது சரிதான். எங்கள் ஊரில் மீனும் செய்தியும் ஒரே கூடையில்தான் வரும். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் இரவில் சாப்பிடும்போது மேஜைமேல் விரல்கள் தாமாக அசையும். எந்த இடத்தை வாசிக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியும். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வரும். யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உபயோகப்படுத்தினேன்.

அன்று அரிசி மண்டி மாமா வந்திருந்தார். சீர், துக்கம், கல்யாணம் எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. கூடவே என் கணவரின் சித்தியும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு நான் கேட்டேன்:

“மாமா, துக்க வீட்ல பாட்டுதானே கூடாது?”

“ஆமா, பாட்டு, மேளம், ரேடியோ எதுவும் கூடாது.”

“உங்க மருமவன் வாசிக்கிறது பாட்டுன்னு இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்கீங்களா?”

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். மாமா வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே யோசித்தார். கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. நியாயம் என்று பட்டுவிட்டால் அவர் விடமாட்டார்.

“அதை எறக்கு மருமவனே. கேட்டுத்தான் முடிவு சொல்லணும்” என்றார்.

இப்படியாக, தான் வாசிப்பது இசை இல்லை என்று நிரூபிப்பதற்காக என் கணவர் சொந்தக்காரர்கள் முன்னால் வாசிக்க வேண்டியதாயிற்று. நான் டேப்பை ஓடவிட்டேன். அவர் வேண்டுமென்றே மோசமாக வாசித்துவிடலாம், காரியம் சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ அன்றுபோல ஒருநாளும் வாசித்ததில்லை. செல்லோ வர வேண்டிய இடங்களில் அந்த வெற்றிடத்தையும் மரியாதையாக விட்டுவிட்டு, ஒவ்வொரு ஓசையையும் அதனதன் இடத்தில் வைத்தார். காரைக்காலில் அவருக்கு அவ்வளவு கவனமான சபை அதற்குமுன் அமைந்ததில்லை. சித்தி ஏதோ கேட்க வாயைத் திறந்தபோது மாமா கையை உயர்த்தி அடக்கினார். மூட்டையிலிருந்து நெல்லை அள்ளிப் பதம் பார்க்கும்போது அவருக்கு வருகிற முகம் வந்திருந்தது.

முடிந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

“இதுல ராகம் உண்டா?”

“இல்ல மாமா.”

“தாளம்?”

“நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல.”

“கூடச் சேந்து யாராவது பாட முடியுமா?”

“முடியாது.”

“கேட்டா கை காலு ஆடுமா?”

“ஆடாது மாமா.”

“அப்ப இது பாட்டு இல்ல” என்று மாமா தீர்ப்புச் சொன்னார். பிறகு தங்கையைப் பார்த்து, “நீ என்னம்மா சொல்ற?” என்றார்.

“பாட்டா? அடுப்படியில பூனை பூந்த சத்தமா இருக்கு. அவன் மனசுக்கு ஆறுதலுன்னா ஊதிட்டுப் போவட்டும்” என்றார் மாமியார்.

ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கிற தபசு காலம் வேறு வருகிறதே என்று சித்தி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பாட்டே இல்லாதபோது தபசாவது கிபசாவது என்று மாமா அதையும் தள்ளிவிட்டார். ஒருத்தர் விடாமல் சம்மதம். நான் ஜெயித்துவிட்டேன் என்று சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் போனால், என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது டேப் ரெக்கார்டரைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தார். அதுதான் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

தபசு காலம் முழுக்க எங்கள் வீட்டில் சாயங்காலம் இதுதான் நடந்தது. தெருவில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவின் தீர்ப்பு ஏற்கெனவே எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. என் கணவர் இரண்டு தடவை புதுச்சேரிக்கும் போய்வந்தார். டீச்சரம்மாவிடம் இந்தத் தீர்ப்பைச் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

மாமியார் முதலில் அடுப்படியிலிருந்தே கேட்டார், அதாவது கேட்காமலிருக்க முடியாததால் கேட்டார். கொஞ்ச நாளில், “கதவு தொறந்தாச்சா? அப்ப வௌக்கு ஏத்துற நேரம்” என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு அடுப்படியிலிருந்து பக்கத்து அறைக்கு வந்தார். கையில் ஜெபமாலை இருக்கும், ஆனால் மணி நகராது. ஒருநாள் நான் வெள்ளை நாடாவைக் கவனிக்காமல் டேப்பைக் கொஞ்சம் தாமதமாக நிறுத்திவிட்டேன். “தண்ணி ஒரு சொட்டு கூட வுழுந்துட்டுது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எண்பதுகளில் தெருவில் வீட்டுக்கு வீடு கேசட் செட் வந்துவிட்டது. எங்கள் டேப்பில் உப்புக் காற்றுப் பட்டுப் பூஞ்சை பிடித்து, ஒட்டிக்கொண்டு, ஒருநாள் கிழிந்தே போயிற்று. பிரான்சில் நண்பரும் எங்கேயோ இடம் மாறிப்போயிருந்தார். அப்போதெல்லாம் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, “இப்ப தண்ணி... தண்ணி... இப்ப கதவு தொறக்குது” என்று வாயாலேயே டேப்பை ஓட்டுவார், இவர் அதற்கு வாசிப்பார். ஓரிடம் தப்பாது. என் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சாயங்காலங்கள் இப்போதும் வேண்டும்போல இருக்கிறது. இதெல்லாம் பின்னால் வந்தது. அந்த ஈஸ்டருக்கு முன்னால் நடந்ததை இன்னும் நான் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்து இரண்டொரு நாள் இருக்கும். நான் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. அவர் கிளாரினெட்டைப் பொருத்தி, ரீட் என்கிற நாணல் துண்டை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். மாமியார் அறையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“தம்பி, இனிமே வாசிக்க வேணாம்.”

“ஏம்மா, தலை வலிக்குதா?”

“இல்லப்பா. இது பாட்டுதான்.”

அவர் ரீடை வாயிலிருந்து எடுத்தார். நான் டேப் ரெக்கார்டர் பக்கத்தில் நின்றபடியே நின்றேன்.

“கடைசியில ஒரு மூச்சு வருதுல்ல, அது நின்னுபோவுதுல்ல” என்றார் மாமியார். “உங்கப்பாவுக்கும் அப்படித்தான் நின்னுச்சு. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். நின்ன பொறகு அந்த ரூம்புல ஒண்ணுமே இல்ல. இதுல நின்ன பொறகு நீ வர்ற. நேத்து நீ வந்தப்ப எனக்கு அழுகை வந்துட்டுது. அவர் போன நாள்லேருந்து வரல. அழுதேன். அழுது முடிச்சதும் மனசு லேசா ஆயிட்டுது.”

“நல்லதுதானம்மா அது.”

“துக்க வீட்ல மனசு லேசாவக் கூடாதுப்பா. அதுக்குத்தானே பாட்டு வேணாங்கிறது. எனக்கு ஒரு வருஷம் வேணும். அவருக்கு நான் கொடுக்குறது அது ஒண்ணுதான்.”

என் கணவர் கிளாரினெட்டைக் கழற்றினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மாமியார் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன்.

“அத்தே, அந்த டீச்சரம்மா ஊருக்குப் போயிடுவாங்க. இதை விட்டா அவருக்கு வேற நாளே கெடையாது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்றீங்க? வீட்ல வேணாம், புதுச்சேரியில போய் வாசிக்கட்டும். நம்ம காதுல விழப் போறதில்லையே.”

“அவன் மவன். அவன் எங்க இருந்தாலும் துக்கம் அவனுக்கும் உண்டு. பாட்டு இல்லைன்னாத்தான் அனுப்பலாம்.” அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. “பாட்டு இல்லைன்னு நான் இனிமே எப்படிச் சொல்லுவேன், நீயே சொல்லு.”

அவர்மேல் வந்த கோபம் பாதியில் திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அவர் அண்டாவில் தண்ணீர் மொண்டு அரிசியை மறுபடி களைய ஆரம்பித்தார்.

மறுநாளே நான் அரிசி மண்டிக்குப் போய் மாமாவிடம் முறையிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் லீவு. மாமா எல்லாவற்றையும் கேட்டார். தன் தீர்ப்பைத் தங்கை மாற்றிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சாயங்காலம் மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார்.

“ஒரு பொம்பள அழுதா அது பாட்டாயிடுமா? வெங்காயம் உரிச்சாக்கூடத்தான் அழுவாங்க” என்றார். “நான் சொன்னது சொன்னதுதான். இது பாட்டு இல்ல. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். பொட்டிய எடுத்துக்கிட்டு நீ கெளம்பு மருமவனே.”

மாமியார் அண்ணன் பேச்சுக்கு மறு பேச்சு பேசிப் பழக்கமில்லாதவர். கதவு ஓரம் நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. வழி திறந்தாயிற்று. மாமா பொறுப்பு, ஊர் வாயை மூடியாயிற்று, மாமியாரும் பேசவில்லை. போய் வாசித்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

என் கணவர், “வேணாம் மாமா. அம்மா சொன்னதே இருக்கட்டும்” என்றார்.

“அவ வாசிக்காதேன்னுல்ல சொல்றா?”

“அது இல்ல மாமா. பாட்டுன்னு சொன்னாங்கல்ல, அது.”

மாமாவுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது, விளங்கியதாலேயே ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று. புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் அவர் தன் வாயால் இது பாட்டு இல்லை என்று ஒத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கச்சேரியை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் அதற்குத் தயாராக இல்லை. மாமா தலையை ஆட்டிக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போனார். பிரெஞ்சுக்காரன் ஊரில் இருந்தவனிடம் இதற்குமேல் என்ன பேசுவது என்று வாசலில் அவர் சொல்லிக்கொண்டு போனது கேட்டது.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போகும் முன் புதுச்சேரிக்கு டிரங்கால் போடத் தபாலாபீசுக்குப் போனோம். நான் அவரோடு பேசாமல்தான் நடந்தேன். வாசித்திருந்தால் நானும் அந்த மேடையில் டேப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் கையும் அந்த உருப்படியில் இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. லைன் கிடைக்க வெகு நேரமாயிற்று. ஈ ஓட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு சரியாக மூடாத அந்தக் கூண்டுக்குள் அவர் நின்று சத்தம் போட்டுப் பிரெஞ்சில் பேசினார். எனக்கு அதற்குள் கேட்டுக் கேட்டு ஓரளவு புரியும். வர முடியாது என்றார். மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும்.

“எங்க அம்மா இது இசைதான்னு சொல்லிட்டாங்க” என்றார் பிரெஞ்சில்.

லைனில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னார், இன்னும் சத்தமாக. தபாலாபீசில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரம்மா ஏதோ சொன்னார், இவர் சிரித்தார், வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பேசக் கூடாது என்று இருந்த நான் கேட்டுவிட்டேன். “என்ன சொன்னாங்க?”

“‘எங்க அம்மா இன்னும் அப்படிச் சொல்லலை’ன்னாங்க.”

கடைத்தெரு வழியாக நடந்தோம். அவர் கச்சேரி போய்விட்டது. செல்லோ ஜூன் மாதம் கப்பலேறிவிடும். அந்த உருப்படியை நண்பர் எழுதினபடி முழுசாக, மூன்று பேரோடு, எந்த மேடையிலும் இனி வாசிக்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. துக்க வருஷத்தில் தெருவில் காட்டக் கூடாது என்று அவர் மறைக்கப் பார்த்தும் மறையவில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு மாமியார்மேல் பொறாமையாக இருந்தது.